அறுநூற்றுப் பதினொரு எச்சரிக்கைகள்

பாலேஸ்வரி கொண்டுவந்த இரண்டு போத்தல்களிலும் தண்ணீர் ஒரே தெளிவாகத்தான் இருந்தது. பிரசாந்தியின் மேசையில், விசைப்பலகைக்கும் தேநீர்க் கோப்பைக்கும் நடுவே இருந்த கொஞ்ச இடத்தில் அவர் அவற்றை வைத்தார்.

“குடிச்சுப் பாரும் பிள்ளை.”

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில், ஒரு நகைக்கடையின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் இயங்கிய அந்த நிறுவனத்துக்கு விவசாயிகள் நேரில் வருவது அரிது. ஏதும் பிழை என்றால் போனில் சொல்வார்கள். லெனாட் மோட்டார்சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவான். பாலேஸ்வரியோ புத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். கணவர் செத்த நாளிலிருந்து பத்துப் பரப்புத் தோட்டத்தைத் தனியாகச் செய்பவர். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

“எது எந்தத் தண்ணி அன்ரி?” என்று கேட்டாள் பிரசாந்தி.

“நீல மூடி பக்கத்து வளவுக் கிணறு. மற்றது என்ரை கிணறு, மோட்டரைக் கனநேரம் ஓடவிட்டுப் பிடிச்சது. என்ரை கிணத்தடியிலை உங்கடை பெட்டி இப்பவும் பச்சை லைற்றோடைதான் நிக்குது.”

பிரசாந்தி இரண்டாவது போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள். நாக்கில் பட்டதுமே முகம் சுளித்துக்கொண்டது. தேநீர் போட முடியாத, வெங்காயத்துக்குக் காட்டவே கூடாத உப்புச் சவர்.

அந்தச் சவரைத் தடுக்கத்தான் அவர்கள் அந்தப் பெட்டியையே செய்திருந்தார்கள். குடாநாட்டின் கிணறுகளில் நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது. உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கிறது. மோட்டரை அளவுக்கு மிஞ்சி ஓடவிட்டால் அடியில் கிடப்பது மேலே ஏறிவிடும். பெட்டியிலிருந்து ஒரு உணர்கம்பி கிணற்றுக்குள் தொங்கும். அது தண்ணீரின் உப்பை ஓர் எண்ணாகச் சொல்லும். நல்ல தண்ணீருக்கு எண்பது, தொண்ணூறு வரும். முந்நூறைத் தாண்டினால் பச்சை விளக்கு அணைந்து சிவப்பு எரியவேண்டும். மோட்டர் தானாக நிற்கவேண்டும். கொழும்பிலுள்ள ஓர் உதவி நிறுவனத்தின் ஆதரவோடு நாற்பத்திரண்டு கிணறுகளில் அந்தப் பெட்டிகளைப் பூட்டி இரண்டரை வருடமாகிறது.

“எப்ப துவங்கினது அன்ரி?”

“பொங்கலுக்கு முன்னமே போன் பண்ணிச் சொன்னனான். ஒருத்தர் எடுத்துக் கதைச்சார். பெட்டி பச்சை காட்டினால் தண்ணி நல்ல தண்ணிதான், உங்கடை நாக்கை ஒருக்கா டொக்ரருக்குக் காட்டுங்கோ எண்டார்.” பாலேஸ்வரி மூச்சை இழுத்துவிட்டார். “நான் படிச்ச ஆக்கள் சொல்லுறதை நம்பி இறைச்சன். நாலு பாத்தி வெங்காயம் நுனி கருகிப் போச்சுது. மிச்சத்துக்கு இப்ப பக்கத்து வளவிலையிருந்து பைப் போட்டு எடுக்கிறன்.”

நாக்கை டொக்ரருக்குக் காட்டச் சொன்னது யாரென்று பிரசாந்திக்குத் தெரிந்தது. அது முதலாளி குகதாசனின் பகிடி. அவர் அந்த நேரம் வங்கிக்குப் போயிருந்தார்.

அடுத்த அறையிலிருந்து லெனாட் வந்தான். குருநகர்க்காரன், பெட்டிகளின் மின்பலகைகளை ஒட்டிப் பூட்டுவது அவன் வேலை; அவற்றுள் ஓடும் கணினி நிரலை எழுதுவது பிரசாந்தியின் வேலை. கதையைக் கேட்டுவிட்டு அவன் தன் கைமானியை இரண்டு போத்தல்களிலும் மாறி மாறி விட்டுப் பார்த்தான்.

“நீல மூடி எண்பத்தெட்டு. மற்றது முந்நூத்தி முப்பது,” என்றான். பிறகு அலுமாரியிலிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்து மின்சாரம் கொடுத்து, அதன் உணர்கம்பியைச் சவர்த் தண்ணீருக்குள் இறக்கினான்.

பச்சை விளக்கு எரிந்தது. சின்னத் திரையில் எண் வந்தது: 74.

“கோதாரி,” என்றான் லெனாட். “சவர்த் தண்ணி நல்ல தண்ணியை விட நல்லதாமே!”

கம்பியைக் கழற்றி நேரே மானியில் பூட்டினான். மானி முந்நூற்று முப்பது என்றது. “கம்பி சரியாத்தான் சொல்லுது. உள்ளுக்கை போனாப் பிறகுதான் மாறுது. இது உம்மடை பக்கம் பிரசாந்தி.”

முந்நூற்று முப்பதிலிருந்து எழுபத்துநான்கைக் கழித்தால் இருநூற்று ஐம்பத்தாறு. அந்த எண்ணை மனதில் கண்டதும் பிரசாந்தி கதிரையைக் கணினிப் பக்கம் திருப்பினாள். நிரல் எழுதுகிற யாருக்கும் அந்த எண் தெரியும்.

“கொஞ்சம் இருங்கோ அன்ரி. தேத்தண்ணி குடியுங்கோ. நான் பார்த்துச் சொல்லுறன்.”

“நான் இருக்கத்தான் வந்தனான்,” என்று சொல்லி, அப்போதுதான் பாலேஸ்வரி உட்கார்ந்தார்.

அந்த அறையின் சுவரில் வெள்ளைப் பலகை ஒன்று உண்டு. அதில் பெரிய எழுத்தில் ‘எச்சரிக்கை: 0’ என்று எழுதியிருந்தது. மனிதர் எழுதுகிற நிரலை இயந்திரத்துக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றித் தருகிற மென்பொருள் கொம்பைலர். மாற்றும்போது சந்தேகமான இடம் எதையாவது கண்டால் அது ஒரு எச்சரிக்கை எழுதிக் காட்டும். ஆனால் வேலையை நிறுத்தாது. கொழும்பு நிறுவனம் முதல் நாளிலேயே நிபந்தனை போட்டிருந்தது: ஒரு எச்சரிக்கைகூட இல்லாத நிரலைத்தான் ஏற்றுக்கொள்வோம். நல்ல நிபந்தனைதான். எச்சரிக்கையைப் படித்து, காரணத்தைத் தேடி, அதைத் திருத்தி எழுத நேரம் வேண்டும். அதன் வாயை மூட ஒரு வரி போதும்.

அப்படிப்பட்ட ஒற்றை வரிகளைத் தொடக்கிவைத்தவன் சிவகரன். நிறுவனத்தின் முதல் நிரலாளன். இப்போது ரொறன்ரோவில் இருக்கிறான். ஓர் எண்ணைக் குறித்துவிட்டு எங்கும் பயன்படுத்தவில்லை என்று கொம்பைலர் சொன்னால், அவன் அந்த எண்ணோடு ஒரு பூச்சியத்தைக் கூட்டிவிடுவான். பயன்படுத்தியாயிற்று! ஒரு வேலை சரியாக முடிந்ததா என்று வருகிற பதிலை ஏன் பார்க்கவில்லை என்று அது கேட்டால், பதிலைக் ‘குப்பை’ என்று பெயரிட்ட ஒரு இடத்தில் கொட்டிவிடுவான். வேறு வழி தெரியாத இடங்களில் ‘சும்மா1’, ‘சும்மா2’ என்று பொய்க் கணக்குகள். அந்த வரிசை இப்போது ‘சும்மா47’ வரை வந்திருந்தது. மூன்று கோப்புகளின் தலையிலோ, கொம்பைலரே இனி எதுவும் கதைக்காதே என்று நேரடியான உத்தரவு. அசிங்கமாக இருக்கிறதென்று எல்லோருக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே எல்லோரும் அதைப் பழகிக்கொண்டார்கள்.

பிரசாந்தி உப்பின் அளவைப் பார்க்கிற பகுதிக்குப் போனாள். தேட வேண்டியிருக்கவில்லை.

உப்பின் எண்ணை வைத்திருக்க நிரலில் ஒதுக்கியிருந்த இடம் மிகச் சிறியது. பூச்சியத்திலிருந்து இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் அதற்குள் கொள்ளும். அதைத் தாண்டினால், வாகனத்தின் தூரங்காட்டி முழுச் சுற்றும் ஓடி முடிந்ததும் பூச்சியத்துக்கு வருவதுபோல, மறுபடி முதலிலிருந்து எண்ணும். இருநூற்று ஐம்பத்தாறு பூச்சியமாகும். முந்நூற்று முப்பது எழுபத்துநான்காகும். அப்படிப்பட்ட இடத்தைப் பார்த்து, நீ முந்நூறைத் தாண்டினாயா என்று நிரல் கேட்டுக்கொண்டிருந்தது. அது ஒருநாளும் தாண்டாது. நாற்பத்திரண்டு கிணறுகளிலும் சிவப்பு விளக்கு எரியவே வழியில்லை. உப்பு இருநூற்று ஐம்பத்தாறை எட்டியதும் தண்ணீர் திடீரென்று நல்லதாகிவிட்டதாகப் பெட்டி நினைத்தது.

கேள்விக்கு முந்திய வரியில் முகமூடி இருந்தது. சின்ன இடத்தில் உள்ளதை ‘சும்மா31’ என்ற பெரிய இடத்துக்குக் காரணமே இல்லாமல் மாற்றியிருந்தார்கள். பெரிய இடத்தைப் பார்த்து முந்நூறா என்று கேட்டால் கொம்பைலருக்குச் சந்தேகம் வராது. அதன் வாய் மூடிக்கொள்ளும்.

“சிவகரன்,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த வரியை யார், எப்போது எழுதியது என்று காட்டுகிற பதிவைத் திறந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை. பெயர்: பிரசாந்தி.

அவளுக்கு அந்த நாள் முழுதாக ஞாபகம் வந்தது. எல்லை அதற்கு முன் நூற்றெண்பதாக இருந்தது. மோட்டர் விரைவாக நின்றுவிடுகிறது என்று தோட்டக்காரர்கள் முறையிட்டார்கள். விவசாய அதிகாரிகளும் முந்நூறு வரை பரவாயில்லை என்றார்கள். எண்ணை மாற்றுவது ஒரு நிமிட வேலை. மாற்றினாள். கொம்பைலர் ஒரு எச்சரிக்கை எழுதியது: இந்த ஒப்பீடு எக்காலத்திலும் பொய்யாகவே இருக்கும். அன்று நாலு மணிக்குள் புதிய நிரலைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். தம்பியின் கலியாணத்துக்குச் சேலை எடுக்க அம்மா கீழே ஓட்டோவில் காத்திருந்தார். அவள் அந்த வசனத்தைப் படித்தாள், ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை. நச்சரிப்பு என்று நினைத்து, ‘சும்மா31’ஐ எழுதிவிட்டுப் படி இறங்கிப்போனாள்.

சிவகரன் ரொறன்ரோவில் இருக்கிறான். பதிவை இந்த அறையில் வேறு யாரும் திறந்து பார்ப்பதில்லை. லெனாட் ஈயம் ஒட்டுபவன்; குகதாசன் முதலாளி. அவள் எழுந்து பாலேஸ்வரியின் முன்னால் போய் நின்றாள்.

“அன்ரி, பிழை என்ரை.”

பாலேஸ்வரி நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டு வருசத்துக்கு முதல் நான் எழுதின ஒரு வரி. பெட்டியாலை முந்நூறு வரைக்கும் எண்ண ஏலாது. அதாலை அது ஒருநாளும் சிவப்புக் காட்டாது.”

“எழுதேக்கை உமக்குத் தெரியாதோ?”

“கொம்பியூட்டர் சொன்னது அன்ரி. நான் அதின்ரை வாயைக் கட்டிப்போட்டன்.”

பாலேஸ்வரி கோப்பையைக் கீழே வைத்தார். திட்டப்போகிறார் என்று பிரசாந்தி எதிர்பார்த்தாள். திட்டினால் நல்லது என்றும் இருந்தது. அவர் கேட்டது வேறு.

“அப்ப மற்ற நாப்பத்தொரு கிணறும்?”

“எல்லாம் இப்பிடித்தான்.”

படியேறி வந்த குகதாசன் வாசலிலேயே நின்று இந்தக் கடைசிக் கதையைக் கேட்டுவிட்டார். உள்ளே வந்து கையிலிருந்த வங்கித் தாள்களை மெதுவாக மேசையில் வைத்தார். நாற்பத்தைந்து வயது, நல்ல மனிதர்தான், பயந்தவர். இந்த நிறுவனத்தை ஒற்றைக் கணினியோடு தொடங்கியவர்.

“பிரசாந்தி, ஒருக்கா உள்ளுக்கு வாரும்.”

“இஞ்சையே கதையுங்கோ அண்ணை. அன்ரிக்கும் தெரியவேணும்.”

குகதாசன் பாலேஸ்வரியைப் பார்த்தார், போத்தல்களைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எத்தினை வரி திருத்தவேணும்?”

“இதுக்கு ஒரு சொல்லு மாத்தினாப் போதும்.”

“அப்ப மாத்தும். லெனாட் போய் எல்லாப் பெட்டிக்கும் புது நிரலை ஏத்தட்டும். சாதாரணத் திருத்தம் எண்டு சொல்லுவம். பதின்மூண்டு நாளிலை கொழும்பிலையிருந்து பார்க்க வருகினம் எண்டு உமக்குத் தெரியும்தானே? அதிலை சரிவந்தால்தான் அடுத்த இருநூறு பெட்டி.”

“அண்ணை, இது ஒண்டு எங்களுக்குத் தெரிஞ்சது, அன்ரி போத்தலோடை வந்தபடியால். நாங்கள் வாயைக் கட்டின மிச்சத்துக்கை என்ன கிடக்குது எண்டு ஆருக்குத் தெரியும்?”

“எத்தினை இருக்கும்? ஒரு ஐம்பது?”

பிரசாந்தி தன் கணினிக்குப் போனாள். தலைப்பு உத்தரவுகளை அழித்தாள். பொய்க் கணக்குகளையும் குப்பைகளையும் சேர்த்துத் தேடித் தூக்கினாள். அரை மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. யாரும் அறையை விட்டுப் போகவில்லை. பிறகு கொம்பைலருக்கு, நீ நினைக்கிறதெல்லாம் சொல்லு என்று கட்டளை கொடுத்தாள்.

திரையில் மஞ்சள் வரிகள் ஓடத் தொடங்கின. ஓடிக்கொண்டே இருந்தன. லெனாட் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். ஓட்டம் நின்றபோது அடியில் ஒரு எண் இருந்தது: 611.

குகதாசன் கதிரையை இழுத்து உட்கார்ந்தார். “பதின்மூண்டு நாளிலை உதைப் பூச்சியமாக்க ஏலுமோ?”

“பொய்யாப் பூச்சியமாக்கிறதெண்டால் பின்னேரத்துக்கிடையிலை ஏலும். மெய்யாச் செய்யிறதெண்டால் தெரியேல்லை.”

“ஏலாட்டி?”

குறுக்கே பேசியது பாலேஸ்வரி.

“தம்பி, நீங்கள்தானே எனக்கு நாக்கை டொக்ரரிட்டைக் காட்டச் சொன்னது? குரல் பிடிபடுது.” குகதாசனின் காதுகள் சிவந்தன. “என்ரை நாக்கு நல்லாத்தான் இருக்கு. உங்கடை பெட்டியைத்தான் டொக்ரருக்குக் காட்டவேணும். இந்தப் பிள்ளை காட்டுறன் எண்டு நிக்குது. விடுங்கோ.”

குகதாசன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு பலகையைப் பார்த்தார். பிறகு எழுந்து போய், பூச்சியத்தைக் கையாலேயே அழித்துவிட்டு 611 என்று எழுதினார்.

“சரி. துவங்கும்.”

பாலேஸ்வரி அன்று வீட்டுக்குப் போக முன்னமே தன் வேலையைத் தொடங்கிவிட்டார். பெட்டி பூட்டிய தோட்டக்காரர் எல்லோரும் ஒரு சங்கமாக இருந்தார்கள். அவர் அதன் பொருளாளர். பஸ் நிலையத்தில் நின்றபடியே ஒவ்வொருவராக அழைத்தார். “பச்சையை நம்பாதேங்கோ. இறைக்க முதல் ஒருக்கா வாயிலை விட்டுப் பாருங்கோ. பெட்டிக்காரர் வாறாங்கள், திருத்த.” இரவுச் சாப்பாட்டுக்கு முன் நாற்பத்தொரு பேருக்கும் செய்தி போய்விட்டது.

மறுநாள் காலை பிரசாந்தியும் லெனாட்டும் புத்தூருக்குப் போனார்கள். வாதரவத்தைப் பக்கமாகச் சரிந்து போகிற செம்மண் தோட்டத்தில் நாலு பாத்தி வெங்காயம் மஞ்சளாகி, நுனி சுருண்டு படுத்திருந்தது. பிரசாந்தி அதன் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கிணற்றுக்கட்டில் மடிக்கணினியை வைத்து, பெட்டியோடு கம்பியைப் பூட்டிப் புதிய நிரலை ஏற்றினாள்.

“இப்ப மோட்டரைப் போடுங்கோ அன்ரி.”

பாலேஸ்வரி ஆளியைத் தட்டி மோட்டரைப் போட்டார். இரவு முழுக்க ஓய்விலிருந்த கிணற்றில் மேல் தண்ணீர் தெளிந்திருந்தது. திரையில் நூற்றுப் பத்து. பச்சை விளக்கு. தண்ணீர் வாய்க்காலில் விழுந்து ஓடியது. கால் மணி போனது, நூற்றெழுபது. இருநூற்று முப்பது. இருநூற்று ஐம்பதைத் தொட்டபோது மூன்று பேரும் பெட்டியைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். இருநூற்று ஐம்பத்தைந்து.

இருநூற்று ஐம்பத்தாறு.

“தாண்டிட்டுது!” என்று கத்தினான் லெனாட். பக்கத்துத் தோட்டத்தில் நின்ற கொக்கு எழுந்து பறந்தது.

எண் ஏறியது. இருநூற்றெண்பது. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. முந்நூற்றொன்றில் பச்சை அணைந்தது, சிவப்பு எரிந்தது, மோட்டர் ஒரு இழுப்போடு நின்றது. குழாயிலிருந்து கடைசித் தண்ணீர் சொட்டிய சத்தம் மட்டும் கேட்டது. யாரும் ஆளியைத் தொடவில்லை.

பாலேஸ்வரி குனிந்து வாய்க்கால் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் விட்டார். “ஓம். இது சவர்,” என்று பெட்டியிடம் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு பிரசாந்தியின் முதுகில் ஈரக் கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். வலித்தது. பிரசாந்தி சிரித்தாள், கண்ணும் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் அவள் வாழ்வில் மறக்க முடியாதவை. ஒவ்வொரு எச்சரிக்கையையும் படித்தாள். இந்த முறை விளங்கும்வரை படித்தாள். பெரும்பாலானவை அற்பம்: தேவையற்ற பெயர்கள், மறந்துபோன பழைய வரிகள். அவற்றை அழிக்க அழிக்க நிரல் மெலிந்து வெளிச்சமானது. நாளுக்கு ஐம்பது, அறுபது என்று குறைந்தது. குகதாசன் தினமும் காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று தரம் பலகையில் எண்ணை மாற்றினார். மூன்றாம் நாள் அவரே தன் பழைய கணினியைத் திறந்து, “எனக்கும் ஒரு பகுதியைத் தாரும். நானும் ஒரு காலத்திலை எழுதினவன்தான்,” என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தன் பங்குக்கு எழுபது எச்சரிக்கை தீர்த்தார். லெனாட் நாளுக்கு மூன்று நாலு தோட்டமாகப் போய் உப்புத் திருத்தத்தை மற்றப் பெட்டிகளுக்கும் ஏற்றினான்; கடைசிப் பெட்டி முடியப் பன்னிரண்டு நாள் சென்றது.

ஆறாம் நாள் முந்நூற்றுச் சொச்சத்தில் நின்றபோது ‘குப்பை’ ஒன்று கதைத்தது. மோட்டர் ஓடவேண்டிய நேரங்களைப் பெட்டி தன் நினைவில் எழுதிவைக்கும். எழுதி முடிந்ததா இல்லையா என்று வருகிற பதிலைத்தான் சிவகரன் குப்பையில் கொட்டியிருந்தான். எழுதுவது தவறினால் பெட்டிக்கே தெரியாது. கரண்ட் போய் வந்ததும் எல்லாம் மறந்து, மோட்டர் தன் பாட்டில் ஓடத் தொடங்கும்.

“லெனாட், அளவெட்டியிலை ஒரு அம்மா சொன்னவ எல்லே, கரண்ட் வந்தால் மோட்டருக்குப் பேய் பிடிக்குது எண்டு?”

“அருமைநாயகி அம்மா. நான் மூண்டு தரம் போய் வயர் எல்லாம் மாத்தினனான். வயரிலை ஒரு பிழையும் இல்லை.”

“வயரிலை இல்லை. பேய் இஞ்சை கிடக்குது, வாரும், வந்து பாரும்.”

லெனாட் வந்து பார்த்தான். தான் வீணாக மாற்றிய வயர்களை நினைத்து முதலில் கோபப்பட்டான், பிறகு மேசையில் அடித்துச் சிரித்தான். அப்படிப் படபடவென்று அறையில் சிரிப்பு எழுந்த ஒவ்வொரு முறையும் ஒரு பழைய முறைப்பாட்டுக்கு விடை கிடைத்தது என்று அர்த்தம். அறுநூற்றுப் பதினொன்றில் மெய்யான பிழைகள் ஏழு. ஏழும் எங்கோ ஒரு தோட்டத்தில் யாரையோ அலைக்கழித்தவை. ஒவ்வொன்றையும் அவள் ஒரு தாளில் எழுதினாள்: என்ன எச்சரிக்கை, யார் எப்படி வாயை மூடியது, அதனால் யாருக்கு என்ன நடந்தது, எப்படித் திருத்தியது. முதலாவதாகத் தன் பெயரை எழுதினாள்.

பன்னிரண்டாம் நாள் பின்னேரம் மூன்று எச்சரிக்கைகள் மிஞ்சின. அவை உணர்கம்பி செய்த கொம்பனி எழுதிக் கொடுத்த பகுதியில் இருந்தன. அதைத் திருத்த அவர்களுக்கு உரிமை இல்லை.

“மூண்டுதானே,” என்றார் குகதாசன். “அதை மட்டும் மூடிவிடுவமே?”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தானே கையை உயர்த்தி, “சரி, சரி, நான் ஒண்டும் சொல்லேல்லை,” என்றார். மூன்றையும் அப்படியே விட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஏன் விட்டோம் என்று இரண்டு வரி எழுதினார்கள். பலகையில் 3 என்று இருந்தது.

கொழும்பிலிருந்து வந்த பொறியியலாளர் மக்டலீன், மன்னார்ப் பெண், நாற்பது வயதிருக்கும். தேநீரை மறுத்தார். நேராகப் பிரசாந்தியின் கணினியில் உட்கார்ந்து தன் சிறு மென்பொருள் ஒன்றை ஏற்றினார்.

“எல்லா இடத்திலையும் எனக்குப் பூச்சியம்தான் காட்டுவினம்,” என்றார் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல். “அதனாலை நான் பூச்சியத்தைப் பார்க்கிறதில்லை. இது வாய் மூடின இடங்களைத் தேடி எண்ணும். போன கிழமை ஒரு இடத்திலை ஆயிரத்து இருநூறு.”

குகதாசனின் முகம் வெளிறியது. பதின்மூன்று நாளைக்கு முன் இந்தப் பெண் வந்திருந்தால் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அவர் பிரசாந்தியைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அது இருந்தது.

மென்பொருள் ஓடி முடிந்தது. வாய் மூடிய இடங்கள்: பூச்சியம். எச்சரிக்கைகள்: மூன்று.

மக்டலீன் புருவத்தை உயர்த்தினார். இன்னொரு தரம் ஓட்டினார். அதே விடை. மூன்றின் மேலும் எழுதியிருந்ததை வாசித்தார். “இது நிபந்தனைக்குப் பிழை எண்டு தெரியும்தானே? பூச்சியம் எண்டு எழுதியிருக்கு.”

“தெரியும் மிஸ்,” என்றாள் பிரசாந்தி. “பொய்ப் பூச்சியம் ரெண்டரை வருசமாத் தந்தனாங்கள். அதாலை நடந்தது இதிலை எழுதியிருக்கிறன்.” தாளை நீட்டினாள். குகதாசன் கண்ணை மூடிக்கொண்டார்.

மக்டலீன் வாசித்தார். முதல் பந்தியிலேயே நின்று, “இந்தப் பேர் நீங்களோ?” என்றார்.

“ஓம்.”

அவர் மேலே ஏதும் கேட்க வாயெடுக்க முன் மேசையிலிருந்த அலுவலகப் போன் அடித்தது. எடுக்க வேண்டாம் என்று குகதாசன் சைகை காட்டினார். முறைப்பாடாகத்தான் இருக்கும். மக்டலீன் தலையை அசைத்தார். “எடுங்கோ. சத்தமாப் போடுங்கோ.”

நெல்லியடிப் பக்கத்துத் தோட்டக்காரர் நமசிவாயத்தின் குரல் அறையை நிரப்பியது. “பெட்டிக்காரரோ? என்ன விளையாட்டு இது? துவங்க முதல் வாயிலை விட்டுப் பாத்து, நல்ல தண்ணி எண்டுதான் மிளகாய்க்கு இறைச்சுக்கொண்டு நிக்கிறன், பாதியிலை மோட்டர் தன்ரை பாட்டுக்கு நிண்டிட்டுது! சிவப்பு லைற் எரியுது. இந்த ரெண்டு வருசத்திலை ஒருநாளும் இப்பிடி நிண்டதில்லை!”

பிரசாந்தி போனுக்குக் குனிந்தாள். “ஐயா, வாய்க்கால் தண்ணியிலை கொஞ்சம் வாயிலை விட்டுப் பாருங்கோ.”

“என்னத்துக்கு?”

“ஒருக்காப் பாருங்கோ ஐயா.”

போனில் செருப்புச் சத்தம் போனது, நின்றது, துப்புகிற சத்தம் கேட்டது. பிறகு குரல் வேறு மாதிரி வந்தது.

“அட… சவரெல்லோ! மிளகாய் முழுக்கப் போயிருக்கும். நட்ட கண்டு முந்நூறும். பிள்ளை, இது தானாக் கண்டுபிடிச்சதோ?”

“ஓம் ஐயா. தானாத்தான்.”

லெனாட் விசில் அடித்தான். குகதாசன் எழுந்து நின்றார், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார், பின் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மக்டலீன் தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்தார்.

“இதை நான் கொண்டுபோறன். எங்களோடை வேலை செய்யிற பதினொரு நிறுவனத்துக்கும் இதை வாசிச்சுக் காட்டப்போறன். உங்களுக்குச் சம்மதமோ? உங்கடை பேரும் வரும்.”

“வரட்டும் மிஸ்.”

“அப்ப அடுத்த மாசம் கொழும்புக்கு வந்து நீங்களே வாசியுங்கோ.” அவர் குகதாசன் பக்கம் திரும்பினார். “அந்த நிபந்தனையை நான் மாத்தி எழுதவேணும். அதுக்குப் பிறகு இருநூறு பெட்டிக்கும் கடிதம் வரும். இப்ப அந்தத் தேத்தண்ணியைத் தாங்கோ, குடிப்பம்.”

குகதாசன் தேநீர் ஊற்றத் தானே ஓடினார். பிரசாந்திக்கு ஓவென்று கத்தவேண்டும்போல இருந்தது. கத்த நேரம் கிடைக்கவில்லை. போன் திரும்பவும் அடித்தது. மாசி வெயில் ஏறத் தொடங்கிய அந்தக் காலையில், குடாநாட்டின் தோட்டங்களில் மோட்டர்கள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. அவள் போனைக் கையில் எடுத்தாள்.

“சொல்லுங்கோ ஐயா,” என்றாள் வாய் நிறைந்த சிரிப்போடு. “மோட்டர் நிண்டிட்டுதோ?”